மவுஸ்தான் வேகம் என்று யார் சொன்னது?

ஆசிரியருக்கு வணக்கம்.

சென்ற ஞாயிறு உங்கள் செஸ் பகுதியில், ஆட்டங்களைக் கணினியில் ஏற்றுவது பற்றி எழுதியிருந்தீர்கள். காயை மவுஸால் பிடித்து இழுத்துக் கட்டத்தில் விடுவதுதான் இருப்பதிலேயே வேகமான வழி என்று அதில் ஒரு வரி. மற்றதெல்லாம் சரி, அந்த வரியோடுதான் எனக்குச் சண்டை.

நான் 34 வருடம் தட்டச்சு வேலை பார்த்தவன். விசைப்பலகையைப் பார்க்காமலே அடிப்பேன். மவுஸ்தான் எனக்குக் கை வராது. கட்டைவிரல் மூட்டில் வலி வந்த பிறகு இன்னும் மோசம். இழுத்துக்கொண்டு போகும்போது பாதி வழியில் பிடி நழுவி, டி4 என்ற கட்டத்துக்குப் போக வேண்டிய ராணி பக்கத்து டி3-இல் உட்கார்ந்துவிடும். இளவயதில் ஆடிய ஆட்டங்களை ஏழு நோட்டுகளில் எழுதி வைத்திருக்கிறேன். ஓய்வு பெற்றதும் அவற்றை ஏற்றலாம் என்று ஆரம்பித்தேன். 40 நகர்வு ஆட்டம் என்றால் இரண்டு பக்கமும் சேர்த்து 80 தடவை அழுத்து, இழு, விடு. இரண்டாவது ஆட்டத்திலேயே விரல் போதும் என்றது.

"டைப் பண்ணலாமே தாத்தா" என்று பேரன் சொன்ன பிறகுதான் எனக்கு விஷயம் தெரியும். ஸ்கிட் என்ற இலவச மென்பொருளில் பலகை திறந்திருக்கும்போது இ, 4 என்று இரண்டு விசை தட்டினால் சிப்பாய் அந்தக் கட்டத்துக்குப் போய்விடும். 'என்' குதிரைக்கான ஆங்கில எழுத்து; என், எஃப், 3 என்றால் குதிரை எஃப்3-க்குப் போகும். வெட்டுவதற்குப் போடும் பெருக்கல் குறி வேண்டாம். தானாக நிரப்பும் வசதியைப் போட்டுவிட்டால் முதல் நகர்வில் என், எஃப் என்ற இரண்டே எழுத்து போதும். அந்த நிலையில் எஃப் வரிசைக்குப் போகக்கூடிய குதிரை வேறு இல்லையே. ராஜா பக்கம் காஸ்லிங் (ராஜாவையும் யானையையும் ஒரே நகர்வில் நகர்த்துவது) செய்ய ஓ, கே என்று அடிக்க வேண்டும். ஒவ்வொரு முறையும் கணினிக்கு ஓகே சொல்வது போல் இருக்கிறது!

பழைய இரண்டு நோட்டுகள் இன்னொரு தலைவலி. அவை ராஜா, ராணி பெயரால் வரிசைகளைக் குறிக்கும் பழைய முறையில் எழுதியவை. 1981-க்குப் பிறகு உலக செஸ் கூட்டமைப்பான ஃபிடே அதை ஏற்பதில்லை. அந்த முறையில் வெள்ளைக் காய் ஆடுபவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார், கறுப்புக் காய் ஆடுபவர் தன் பக்கத்திலிருந்து எண்ணுவார். 'ராஜா வரிசை 4' என்பது வெள்ளைக்கு இ4, கறுப்புக்கு இ5. மவுஸோடு மல்லுக்கட்டிக்கொண்டே இதையும் மனதில் மாற்றுவது என்னால் ஆகவில்லை. தட்டச்சில், இரண்டாவது நோட்டு முடிவதற்குள் கண் பழைய முறையில் படிக்க, விரல் புது முறையில் அடிக்கப் பழகிவிட்டது.

ஆனால் ஒரு பள்ளம் இருக்கிறது, அதில் நான் விழுந்தேன். பிஷப்புக்கும் பி, இடமிருந்து இரண்டாவதான பி வரிசைச் சிப்பாய்க்கும் பி. நிம்சோ இந்தியன் என்ற தொடக்க முறையில் ஆடிய ஆட்டம் ஒன்று. நான்காவது நகர்வில் வெள்ளை பிஷப் டி2-க்கு வருகிறது. கறுப்பு பிஷப் சி3-இல் இருந்த குதிரையை வெட்டுகிறது. பதிலுக்கு நான் பிஷப்பால் வெட்டியதாக நோட்டில் தெளிவாக இருக்கிறது. நான் அவசரத்தில் சின்ன பி, சி, 3 என்று அடித்தேன். பி2 சிப்பாயும் அங்கே வெட்டலாம் அல்லவா? மென்பொருள் சின்ன பி-யைச் சிப்பாய் என்று எடுத்துக்கொண்டு மறுபேச்சில்லாமல் வெட்டிவிட்டது. 17-ஆவது நகர்வில் சி3 பிஷப் எஃப்6 குதிரையை வெட்ட வேண்டும்; எத்தனை தடவை அடித்தும் போகவில்லை. நோட்டில்தான் தப்பு என்று அரை மணி நேரம் என் பழைய கையெழுத்தைத் திட்டினேன். அப்புறம் பார்த்தால் பிஷப் இன்னும் டி2-இலேயே நிற்கிறது! இம்மாதிரி இடத்தில் பிஷப்புக்குப் பெரிய பி போட வேண்டும், அவ்வளவுதான்.

லிச்செஸ் என்ற இணையதளத்தில் ஆடும்போது இந்தத் தொல்லையே வேண்டாம் என்று எண்களுக்கு மாறிவிட்டேன். தபாலில் செஸ் ஆடியவர்கள் இதை அறிவார்கள். ஏ முதல் எச் வரையுள்ள வரிசைகளுக்கு 1 முதல் 8. இ2-இலிருந்து இ4 என்பது 5254. குதிரையை ஜெர்மானியர் எஸ் என்று எழுதுவார்கள், ஆங்கிலத்தில் என். ஆளுக்கொரு எழுத்து என்ற குழப்பம் வேண்டாம் என்றுதான் நாடு விட்டு நாடு ஆடியவர்கள் எண்ணுக்குப் போனார்கள். அமைப்புகளில் விசைப்பலகையால் நகர்த்தும் வசதியை இயக்கினால் நகர்வை அடிக்கப் பெட்டி ஒன்று வரும். வலது ஓரத்து எண் விசைகளில் ஒற்றைக் கையால் அடித்துக்கொண்டு, மறு கையில் காபியும் குடிக்கலாம்.

மவுஸே கூடாது என்று நான் சொல்லவில்லை. ஒரு நிமிட ஆட்டத்தில் பேரன் மவுஸை ஓட்டும் வேகத்துக்கு என் தட்டச்சு கிட்டே வராது. ஸ்கிட்டிலேயே, போக வேண்டிய கட்டத்தின் மேல் மவுஸை வைத்தால் எந்தக் காய் வரலாம் என்று அதுவே ஊகித்துக் காட்டும், ஒரே கிளிக். இழுக்கவே வேண்டாம். இதையாவது எழுதியிருக்கலாம்.

கடைசியாக ஒன்று. நீங்கள் அச்சிட்ட ஆட்டத்தின் 18-ஆவது நகர்வில் 'யானை டி1' என்று மட்டும் இருக்கிறது. ஏ1, எஃப்1 இரண்டிலும் யானை நிற்கிறது, இரண்டுக்கும் வழி திறந்திருக்கிறது. நான் அடித்தால் மென்பொருள் எது என்று தெரியாமல் காத்து நிற்கிறது. எஃப் யானையைப் போட்டு முடித்துவிட்டேன், கடைசிவரை எங்கும் இடிக்கவில்லை. ஏ யானையைப் போட்டும் பார்த்தேன், அதுவும் இடிக்கவில்லை. எந்த யானை என்று வரும் ஞாயிறு ஒரு வரி போடுங்கள்.

இப்படிக்கு,
ஓய்வுபெற்ற தட்டச்சர், உங்கள் வாசகர்