முள்ளியவளையிலிருந்து அப்பா

அன்புள்ள மகளுக்கு,

நாங்கள் சுகம். காலபோகம் வெட்டி முடிந்தது. கடைசி மழை கொஞ்சத்தைப் பதராக்கிவிட்டது, வெட்டுக் கூலி போக மிச்சம் வீட்டுச் சாப்பாட்டுக்குக் காணும். அம்மாவின் முழங்கால் அப்படியேதான். அதோடு பங்குனித் திங்கள் விரதமும் பிடிக்கிறா, சொன்னால் கேட்கமாட்டா. நீயும் பகலில் சாப்பிடாமல் வேலைக்குப் போகிறாய் என்று லண்டன் மாமி சொன்னா. நேரத்துக்குச் சாப்பிடு மகள். குளிர் நாட்டில் வெறும் வயிற்றோடு நிற்கக்கூடாது.

நீ சோதனை பாஸ்பண்ணி வேலையில் உயர்ந்ததையும் மாமி சொல்லித்தான் அறிந்தேன். வாசிகசாலையில் நாலு பேருக்குச் சொன்னேன், பெருமைதான். ஆனால் எனக்கு நீயே சொல்லியிருக்கலாம்.

போன மாதம் கதைக்கும்போது, "அப்பா, சமயங்கள் எல்லாம் எப்படித் தொடங்கினது? நீங்கள்தானே படிப்பிச்சனீங்கள்" என்று கேட்டாய். நான் தொண்டையைச் செரும முன்னம் லைன் அறுந்துவிட்டது. பிறகு சிக்னல் இல்லை என்று ஒரு மெசேஜ். லண்டனில் சிக்னல் இல்லையாம்! சரி, கேட்ட கேள்விக்குப் பதில் சொல்ல வேண்டியது வாத்தியாரின் கடமை. வாட்ஸ்அப்பில் எழுதினால் அம்மா வாசிப்பா, அதனால்தான் தாளில் எழுதுகிறேன். வேறு ஒன்றும் நினைக்காதே.

முப்பத்தொரு வருஷம் சைவநெறி படிப்பித்தேன். தொடங்கியவர் என்று ஓராள் இல்லாத சமயம் எங்களுடையது என்று முதல் பாடத்திலேயே கரும்பலகையில் எழுதிவிடுவேன். அது சரிதான். இருக்கு வேதப் பாட்டுகள் மூவாயிரம் வருஷத்துக்கு முன்னமே இருந்தவை, எழுத்தில் ஏற முன்னம் வாயால் சொல்லிச் சொல்லிக் காத்தவை. ஆனால் இந்து என்ற பெயர் நாங்கள் வைத்ததில்லை. சிந்து நதிப் பக்கத்து ஆட்களைப் பாரசீகர் அப்படிச் சொன்னார்கள். அது இடத்தின் பெயர், சாமியின் பெயர் இல்லை. இதை நான் வகுப்பில் ஒருநாளும் சொன்னதில்லை. வற்றாப்பளை அம்மனுக்குக் கடல் தண்ணீரில் விளக்கெரிப்பது எந்த வேதத்தில் இருக்கிறது என்று ஒரு பெடியன் கேட்டான். அவனைப் பாடம் முடியும்வரை எழும்பி நிற்கவைத்தேன். நல்ல கேள்வி அது.

புத்தர் லும்பினியில் பிறந்தவர். 29 வயதில், பெண்சாதியும் கைக்குழந்தையும் நித்திரையாய் இருக்க வீட்டை விட்டு வெளிக்கிட்டார் என்பார்கள். புத்தகயாவில் ஞானம், சாரநாத்தில் ஐந்து பேருக்கு முதல் போதனை, அவ்வளவுதான் தொடக்கம். கி.மு. 3ஆம் நூற்றாண்டில் அசோகனின் மகன் மகிந்தர் இங்கே கொண்டுவந்தார். இன்றைக்கு எங்கள் பக்கத்தில் ஓர் அரசங்கன்று முளைத்தாலே, விகாரை வந்துவிடுமோ என்று சனத்துக்கு வயிறு கலங்குகிறது. அதற்கு அந்த மனுசன் என்ன செய்வார்?

யூதர்களை விட்டுவிட்டு யேசுவைச் சொல்ல ஏலாது. கி.மு. 586 வாக்கில் பாபிலோன் படை ஜெருசலேம் கோயிலை எரித்துச் சனத்தைப் பிடித்துக்கொண்டு போனது. கோயில் இல்லாத ஊரில் அவர்கள் கூடியிருந்து வேதத்தைப் பிடித்துக்கொண்டார்கள், ஓய்வுநாளைக் காத்தார்கள். முகாமில் தறப்பாளுக்குக் கீழே, ஐயரும் இல்லாமல் மணியும் இல்லாமல் அம்மா தேவாரம் படித்தது எனக்கு ஞாபகம் வருகிறது. யேசுவும் யூதர், முதல் சீடர்களும் யூதர். கிறிஸ்தவர் என்ற பெயர் பிறகுதான் அந்தியோக்கியாவில் விழுந்தது. ரோம ஆளுநன் பிலாத்து சிலுவையில் கொன்றவரின் கூட்டம் கி.பி. 313 வரைக்கும் பயந்து பயந்துதான் கும்பிட்டது. அந்த வருஷம்தான் ரோமப் பேரரசன் கொன்ஸ்தந்தீன் தடையை எடுத்தான். மடு மாதாவிடம் நாங்களும் நேர்த்தி வைத்துப் போனவர்கள், உனக்குத் தெரியும்தானே.

இனி இஸ்லாம். நேரத்துக்குச் சாப்பிடு என்றேன், மறக்காதே.

கி.பி. 570 வாக்கில் மக்காவில் பிறந்த பிள்ளை முகம்மது நபி. பிறக்க முன்னமே தகப்பன் இல்லை, ஆறு வயதில் தாயும் போய்விட்டா. வளர்ந்து வியாபாரத்துக்குப் போனவரை நம்பிக்கைக்குரியவர் என்று ஊரே சொன்னது. கதீஜா என்ற வியாபாரி அம்மாவைக் கட்டினார். 610இல், ஹிரா குகையில், 'ஓதுவீராக' என்ற சொல்லோடு தொடங்கியது. ஊர்ப் பெரியவர்களுக்குப் பொறுக்கவில்லை. முதலில் தன் ஆட்களில் சிலரைக் கடல் கடந்து அபிசீனியாவுக்கு அனுப்பினார். அடைக்கலம் கொடுத்த அரசன் கிறிஸ்தவன். 622இல் அவரே மதீனாவுக்கு வெளிக்கிட்டார். அவர்கள் ஆண்டைக் கணக்கிடுவது அவர் பிறந்த நாளிலிருந்து இல்லை, ஊரை விட்டு வெளிக்கிட்ட அந்த வருஷத்திலிருந்து.

வெளிக்கிடும்போது ஒன்றுவிட்ட தம்பி அலியை மக்காவில் நிற்கவைத்துவிட்டுப் போனார். கொல்லத் தேடிய ஊரிலும் சனம் தங்கள் பொருட்களை அவரிடம்தான் நம்பிக் கொடுத்து வைத்திருந்தது. அதை எல்லாம் உரியவர்களிடம் ஒப்படைக்கத்தான் அலி நின்றார். அப்படிக் கொடுத்து வைப்பதற்கு அமானிதம் என்று பெயர்.

அந்தச் சொல்லை நான் புத்தகத்தில் படிக்கவில்லை. தண்ணீரூற்றுத் தையற்கடை நானா சொன்னது.

எங்கள் விறாந்தையில் இருந்த கை மெசின், அம்மா உன் வெள்ளைச் சட்டை எல்லாம் தைத்தது, நாங்கள் வாங்கியதில்லை மகள். 1990 ஐப்பசியில், புலிகள் முஸ்லிம் ஆட்கள் எல்லோரையும் ஊரை விட்டுப் போகச் சொன்ன பிறகு, நானா அதைச் சாக்கில் சுற்றித் தலையில் வைத்து வேலிப் பொட்டால் கொண்டுவந்தார். "சேர், அமானிதமா வைச்சிருங்கோ, வந்து எடுக்கிறன்" என்றார். தலையாட்டினேன். றோட்டடி மட்டும் போய் வழியனுப்பக்கூட இல்லை. யார் பார்ப்பார்களோ என்ற பயம். ஊரே வாய் திறக்கவில்லை, நான் மட்டும் என்ன செய்ய என்று சொல்லிக்கொண்டேன்.

2002இல் சண்டை ஓய்ந்து பாதை திறந்த பிறகு வளவைப் பார்க்க வந்தார். நீதான் பிளேன்டீ கொண்டுவந்து கொடுத்தாய். மெசின் அவருக்குப் பக்கத்திலேயே இருந்தது. சக்கரத்தில் கையை வைத்து ஒருதரம் மெல்லச் சுற்றினார். "எண்ணெய் போட்டு நல்லா வைச்சிருக்கிறியள் சேர்" என்றார். ஊசியில் உன் சட்டைத் துணி அரைவாசி தைத்தபடி நின்றது. எடுத்துக்கொண்டு போங்கோ என்று சொல்ல வாய் வரவில்லை. அம்மாவின் தையற்காசு இல்லாமல் அந்த வருஷம் சமாளித்திருக்க முடியாது என்று இன்றைக்கும் கணக்குப் பார்க்கிறேன். அவர் கேட்கட்டும் என்று இருந்தேன். அவர் கேட்கவில்லை. டீயைக் குடித்துவிட்டுப் போய்விட்டார். 2009இல் இரணைப்பாலையில் ஒரு பதுங்குகுழி வாசலில் அதை விட்டுவிட்டு ஓடினோம்.

அம்மாவுக்கு மெசின் கதை தெரியும். மற்றது தெரியாது. மாமியையும் வாய் திறக்க வேண்டாம் என்று சொல்லியிருக்கிறேன்.

அந்தப் பிள்ளையின் ஆட்கள் புத்தளம் என்று மாமி சொன்னா. புத்தளத்தில் இருக்கிற எல்லாரும் புத்தளத்து ஆட்கள் இல்லை. தொண்ணூறுக்கு முதல் எந்த ஊர் என்று கேட்டு எழுது. தண்ணீரூற்று என்றால் எனக்கு முன்கூட்டியே சொல்லிவிடு.

விடிய முன்னம் எழும்பி வடிவாய்ச் சாப்பிடு.

அப்பா