அந்தேரிக்குப் போக முடியாதவர்களின் நன்றி

ஊர்ப் பெரியவர்களுக்கும் தாய்மார்களுக்கும் பக்கத்து ஊர்த் தம்பிமாருக்கும் வணக்கம்.

2018 ஜூன் 10, ஞாயிறு இரவு, இன்டர்கான்டினென்டல் கோப்பைக் கால்பந்து இறுதி ஆட்டத்தை நம் கோயில் மைதானத்தில் திரை கட்டிப் பார்த்தோமே, அதற்குக் கைகொடுத்த எல்லோருக்கும் எங்கள் கால்பந்துக் குழுவின் மனமார்ந்த நன்றி.

இந்தியா, கென்யா, நியூசிலாந்து, சீன தைபே என்று நாலே அணிகள் ஆடிய சின்னப் போட்டிதான். வரும் 2019 ஜனவரியில் ஆசியக் கோப்பை இருக்கிறது, அதற்கு நம் அணி தயாராக வேண்டும் என்று மற்ற மூவரையும் மும்பைக்கு அழைத்து நடத்தினார்கள். முதல் ஆட்டத்தில் சீன தைபேயை 5-0 என்று ஜெயித்தோம். நேரில் பார்க்க வந்தவர்கள் 2,569 பேர். மறுநாளே கேப்டன் சுனில் சேத்ரி வீடியோவில் பேசினார். திட்ட வேண்டுமென்றால்கூட வந்து திட்டுங்கள், மைதானத்துக்கு மட்டும் வாருங்கள் என்று கெஞ்சாத குறையாகக் கேட்டார். அவருடைய நூறாவது ஆட்டத்துக்கு, கொட்டும் மழையிலும் மும்பையின் அந்தேரி மைதானம் நிரம்பியது. அந்தேரி எங்கே, நம் உவரிக் கரை எங்கே! ஆனாலும் அவர் அப்படிக் கேட்டபிறகு, ஆளுக்கொரு செல்போனை வைத்துக்கொண்டு மூலைக்கு ஒருவராக உட்கார்ந்து பார்க்க எங்களுக்கு மனசு வரவில்லை.

மைதானம் தந்த பங்குத்தந்தைக்கு முதல் நன்றி. புரொஜெக்டரை நம்பிக் கொடுத்த திசையன்விளை டியூஷன் சாருக்கும், வாடகை வேண்டாம் என்று சொல்லிவிட்ட மைக்செட் அண்ணாச்சிக்கும் அடுத்தது.

திரையைப் பற்றிக் கொஞ்சம் விரிவாகவே சொல்ல வேண்டும். தென்மேற்குக் காற்று பிய்த்து உதறுகிற மாதம் இது. சாயங்காலம் கட்டிய துணி பாய்மரம் மாதிரி உப்பிக்கொண்டு நின்றது. பையன்கள் முகம் வாடிவிட்டது. அப்போதுதான் வள்ளக்கார மாமா பழைய வலையும் கயிறுமாக வந்தார். துணிக்குப் பின்னால் வலையை இழுத்துக் கட்டி, அடியோரத்தை மடித்து, வலைக்குக் கோர்க்கிற ஈயக்குண்டுகளை உள்ளே வைத்துத் தைத்தார். ஊசி பிடித்த கை கடைசிவரை நிற்கவே இல்லை. எட்டு மணிக்கு ஆட்டம் தொடங்கியபோது, அவ்வளவு காற்றிலும் திரையில் கோல் கம்பம் வளையாமல் நின்றது.

எட்டாவது நிமிடம் நம் அணியின் அனிருத் தாப்பா அடித்த ஃப்ரீ கிக்கை சேத்ரி கோலாக்கினார். இருபத்தொன்பதாவது நிமிடம், அனஸ் தூக்கிப்போட்ட பந்தை நெஞ்சில் வாங்கி இன்னொன்று. கென்யாவை 2-0 என்று வென்று கோப்பை நமக்கு. நாட்டுக்காக சேத்ரி அடித்த 64-வது கோல் அது, அர்ஜென்டினாவுக்காக மெஸ்ஸி அன்றுவரை அடித்திருந்த கணக்குக்குச் சமம். அர்ஜென்டினா பனியனோடு வந்திருந்த பிள்ளைகள் அன்று தொண்டை கட்டும்வரை சேத்ரி பேரைச் சொல்லிக் கத்தினார்கள். அதை நேரில் கேட்டது எங்களுக்குப் பெரிய சந்தோஷம்.

சுக்குக் காப்பி போட்டுத் தந்த மதினிமாருக்கும், எங்களோடு மோதுகிற அணி என்றாலும் பாய் கொண்டுவந்து முன்வரிசையில் உட்கார்ந்த பக்கத்து ஊர்த் தம்பிமாருக்கும் தனியாக நன்றி.

சரி, மைதானத்தில் விட்டுப்போன போணிகளும் ஒரு டார்ச் லைட்டும் எங்களிடம் பத்திரமாக இருக்கின்றன. வந்து வாங்கிக்கொள்ளுங்கள். ஜனவரியில் ஆசியக் கோப்பைக்கும் திரை கட்டுகிறோம். மாமா, ஈயக்குண்டைப் பிரிக்காமல் அப்படியே வைத்திருக்கிறோம்.

அன்புடன்,
ஊர்க் கால்பந்துக் குழுவினர்