ஆடி அமாவாசைக்குப் பை கட்டுகிறவர்களுக்கு

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

ஆடி அமாவாசைக்குப் பாபநாசம் மலைக்காட்டில் இருக்கும் சொரிமுத்து அய்யனார் கோயிலுக்குப் போய், குடும்பத்தோடு காட்டுக்குள் தங்குகிறவன் நான். போன வருடம் பேரப்பிள்ளைகள் பை கட்டினார்கள். டார்ச் லைட் அடியில், அதற்கு மேல் அரிசி, போர்வை. போய் இறங்கியதுமே சாரல் பிடித்துக்கொண்டது. இருட்டில் டார்ச்சைத் தேடி எல்லாவற்றையும் வெளியே இழுத்ததில் 10 கிலோ அரிசியில் பாதி நனைந்துபோயிற்று.

போர்வை, மாற்றுத்துணி அடியில் போகட்டும். அரிசி, பாத்திரம் போன்ற கனமான சாமான் முதுகை ஒட்டி நடுவில் இருக்க வேண்டும். வெளிப்பக்கம் தள்ளி வைத்தால் பை பின்னால் இழுக்கும், தோள் ராத்திரி முழுக்கக் கடுக்கும். டார்ச், தீப்பெட்டி, மாத்திரை எல்லாம் சட்டென்று கைக்கு எட்டுகிற மேல்பையில். அப்புறம், காலில் ஏறும் அட்டைப்பூச்சிக்கு ஒரு பொட்டலம் உப்பு.

பாலிதீன் கவர் மட்டும் வேண்டவே வேண்டாம். களக்காடு, முண்டந்துறை இரண்டும் சேர்ந்து 1988-இல் புலிகள் காப்பகமான காடு அது. சோற்று வாசம் ஒட்டிய கவரை மிளா மான் விழுங்கிவிடும். அரிசிக்கு மூடி போட்ட தூக்குச்சட்டி, புளியோதரைக்கு வாழை இலை. எங்கள் வீட்டில் இதுதான் வழக்கம்.

குளித்த துணியைத் தாமிரபரணி ஆற்றில் விடுகிறார்களே, அதைப் பார்க்கத்தான் மனசு கேட்கவில்லை. தூத்துக்குடி வரை குடிக்கிற தண்ணீர் அது. ஈரத்துணிக்கென்று ஒரு காலிப் பையை மறக்காமல் எடுத்து வாருங்கள்.

இப்படிக்கு,
ஒரு வாசகர், விக்கிரமசிங்கபுரம்