ஐந்தில் ஒரு பங்கு படம் கறுப்புத் துணியில்: கட்டணத்தைத் திருப்பிக் கேட்டு ஒரு மல்டிபிளெக்ஸ் நிறுவனத்துக்குப் புகார்

பெறுநர்:
தலைவர், வாடிக்கையாளர் சேவைப் பிரிவு
நகல்: கிளை மேலாளர், சென்னை

பொருள்: திரை 4-இல் குறைபாடுள்ள இரண்டு காட்சிகள் – கட்டணம் ரூ. 1,357.08, பார்க்கிங் ரூ. 300 திருப்பித் தருதல் – இழப்பீடு – சர்வர் பதிவுகளை அழிக்காமல் வைத்தல்

ஐயா / அம்மையீர்,

வணக்கம். ஆப்பில் புக்கிங் எண்ணைப் போட்டால் 'தியேட்டரைத் தொடர்புகொள்ளவும்' என்கிறது. தியேட்டர் கவுன்டரில் கேட்டால் 'ஆப்புல தானே புக் பண்ணீங்க, அங்கதான் கேக்கணும்' என்கிறார்கள். கஸ்டமர் கேரில் பாட்டைக் கேட்டுக்கொண்டே காத்திருந்தால், கடைசியில் ஒருவர் வந்து 'கம்ப்ளைன்ட் ரெய்ஸ் பண்ணிட்டேன் சார்' என்பார். அடுத்த நாள் 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று குறுஞ்செய்தி வரும். என்ன தீர்ந்தது என்பது அனுப்பியவருக்கே தெரியாது. அதனால்தான் இப்போது எழுத்தில், ஸ்பீடு போஸ்டில் அனுப்புகிறேன். தயவுசெய்து இதையாவது முழுதாகப் படியுங்கள்.

இரண்டு காட்சிகளும் கெட்டன. இரண்டாவதை முதலில் சொல்கிறேன், பணத்தைத் திருப்பித் தர அது ஒன்றே போதும்.

அது மலையாளப் படம், ஆங்கில சப்டைட்டிலோடு. ஃபிளாட் ஃபார்மேட்டில் எடுத்தது, அதாவது அகலத்துக்கும் உயரத்துக்கும் விகிதம் 1.85-க்கு 1. உங்கள் திரை 4 அதைவிட அகலமான ஸ்கோப் திரை, 2.39-க்கு 1. ஃபிளாட் படம் ஓடும்போது லென்ஸ் ஜூம் குறைந்து, பக்கவாட்டுக் கறுப்புத் துணி உள்ளே நகர வேண்டும். அன்று எதுவும் நகரவில்லை. விளம்பரமும் டிரெய்லரும் ஸ்கோப்பில் ஓடின, அதே ஸ்கோப் லென்ஸ் அமைப்பிலேயே படமும் தொடங்கியது. பிளேலிஸ்டில் படத்துக்கு முன்னால் வர வேண்டிய ஃபிளாட் க்யூவை, அதாவது ஃபிளாட்டுக்கு மாறு என்று புரொஜக்டருக்குச் சொல்லும் கட்டளையை, யாரோ போட மறந்திருக்க வேண்டும். நீங்கள் நடத்தும் தொழில், உங்களுக்கு நான் பாடம் எடுக்க வேண்டியதில்லை. ஆனால் உங்கள் டியூட்டி மேலாளருக்கு எடுக்க வேண்டியிருந்தது.

கணக்கு எளிது. 2கே என்ற டிஜிட்டல் படத் தரத்தில் ஸ்கோப் படம் 2048-க்கு 858 புள்ளிகள், ஃபிளாட் படம் 1998-க்கு 1080. ஃபிளாட்டை ஸ்கோப் அமைப்பில் போட்டால் 1080 வரிசையில் 858 மட்டுமே திரையில் விழும். மீதி 222 வரிசை, அதாவது ஐந்தில் ஒரு பங்குக்கும் மேல், மேலேயும் கீழேயும் இருக்கும் கறுப்புத் துணி மீது விழும். குளோசப்பில் எல்லோருக்கும் நெற்றி இல்லை. சப்டைட்டிலின் இரண்டாவது வரி முழுக்கத் துணியில். மொழி தெரியாதவர்கள் பாதி வசனத்தை ஊகித்துக்கொள்ள வேண்டியதுதான். இதற்கு முழு டிக்கெட் விலை!

சரிசெய்ய என்ன வேண்டும்? புரொஜக்டரின் டச் பேனலில் ஃபிளாட் பட்டனை ஒரு முறை தொட வேண்டும். லென்ஸ் மோட்டார் தானாக நகர்ந்து, பதிவு செய்துவைத்த இடத்தில் போய் நிற்கும். ஒரு நிமிடம்கூட ஆகாது, படத்தை நிறுத்தவும் தேவையில்லை. படம் தொடங்கிய சில நிமிடங்களிலேயே வெளியே வந்து உங்கள் டியூட்டி மேலாளரிடம் இதைத்தான் சொன்னேன். அவர் பதில், வார்த்தை மாறாமல்:

"சார், படமே அப்படித்தான் எடுத்திருக்காங்க."

நெற்றி இல்லாமலா? சப்டைட்டிலைத் துணியில் படிக்கச் சொல்லியா? ஃபார்மேட் மாறியிருக்கிறது, ஆபரேட்டரைக் கூப்பிடுங்கள் என்றதும் அடுத்தது வந்தது: "நீங்க என்ன ஆபரேட்டரா? உள்ள அத்தனை பேர் பாக்கறாங்க, ஒருத்தரும் வாயத் தொறக்கல. உங்களுக்கு மட்டும் என்ன பிரச்சினை?"

இந்த வாக்கியத்தை நிர்வாகம் ஒரு முறை நிதானமாகப் படித்துப் பார்க்க வேண்டுகிறேன். இதைச் சொன்னவர் நெஞ்சில் உங்கள் நிறுவனத்தின் பேட்ஜ் இருந்தது. மற்றவர்கள் பேசாதது படம் சரியாக ஓடுகிறது என்பதற்கு அத்தாட்சி ஆகாது. பக்கத்து இருக்கையில் இருந்தவர்கள் 'சப்டைட்டில் ஏன் பாதிதான் வருது' என்று கேட்டுக்கொண்டுதான் இருந்தார்கள். எழுந்து வந்து உங்கள் ஆளிடம் இப்படிப் பேச்சு வாங்குவானேன் என்று உட்கார்ந்துவிட்டார்கள்.

'இன்டர்வெல்ல பாக்கறோம்' என்றார். இடைவேளையில் பாப்கார்ன் கவுன்டரில் நான்கு பேர் நின்றார்கள், புரொஜக்டர் அறையில் ஒருவரும் இல்லை. எல்லாத் திரைகளையும் ஒரே கணினியிலிருந்து ஓட்டும் ஏற்பாடு வந்த பிறகு ஆபரேட்டர் என்பவரே அரிதாகிவிட்டார், தெரியும். செலவு மிச்சம் உங்களுக்கு, நெற்றி இல்லாத நாயகன் எங்களுக்கு. இரண்டாம் பாதியும் அப்படியேதான் ஓடியது.

இனி முதல் காட்சி. இதே திரை 4. அதற்கு முந்தைய காட்சி 3டி. 3டிக்காக லென்ஸுக்கு முன்னால் வைக்கும் போலரைசர் ஃபில்டரை 2டி காட்சிக்கு முன்னால் ஒதுக்கித் தள்ள வேண்டும். தள்ளியதாகத் தெரியவில்லை. போலரைசர் சாதாரண ஒளியில் பாதிக்குக் குறையாமல் விழுங்கும் என்பது பள்ளி இயற்பியல். 2டி படத்துக்குத் திரை நடுவில் 14 ஃபுட்-லாம்பர்ட் (திரை வெளிச்சத்தை அளக்கும் அலகு) வெளிச்சம் இருக்க வேண்டும் என்பது உலகம் முழுக்க ஒப்புக்கொண்ட அளவு. அதில் பாதி போனால் இரவுக் காட்சிகளில் யார் யாரை அடிக்கிறார்கள் என்றே தெரியாது, தெரியவும் இல்லை. பகல் காட்சியின் வெள்ளைச் சட்டை கோரா துணி போல இருந்தது. போதாததற்கு உங்கள் திரை 3டிக்காகப் போடும் சில்வர் ஸ்கிரீன், நடுவில் வெளிச்சமும் ஓரத்தில் இருட்டும் அதன் குணம். ஓர இருக்கைக்காரர்களுக்கு இன்னும் மோசம். புரொஜக்டரின் செனான் விளக்கு ஆயுள் முடிந்திருந்தாலும் இதே மாதிரி மங்கும். எது காரணம் என்று ஊகிக்கத் தேவையில்லை, விளக்கு எத்தனை மணி நேரம் எரிந்திருக்கிறது என்பது புரொஜக்டரிலேயே பதிவாகியிருக்கும். அந்த எண்ணை எனக்கு எழுதி அனுப்புங்கள்.

ஒலியும் அப்படித்தான். பாட்டு காதைப் பிளந்தது, வசனம் முணுமுணுத்தது. வசனம் பெரும்பாலும் திரைக்குப் பின்னால் இருக்கும் நடு ஸ்பீக்கரிலிருந்துதான் வரும், இசை பக்கவாட்டில் பரவி வரும். பாட்டு மட்டும் சரியாக இருந்து வசனம் அமுங்கினால் நடு சேனலின் ஆம்ப்ளிஃபயர் டிரிப் ஆகியிருக்கும், அல்லது அந்த ஸ்பீக்கரில் கூர்மையான ஒலியைத் தரும் ஹார்ன் டிரைவர் போயிருக்கும். தினமும் காலையில் படம் ஓட்டத் தொடங்குமுன் ஒவ்வொரு சேனலிலும் பிங்க் நாய்ஸ் என்ற சோதனை இரைச்சலைப் போட்டுக் கேட்டால் இரண்டே நிமிடத்தில் பிடிபடும். உங்கள் ஊழியர் செய்தது ஒலி அளவை மொத்தமாகக் கூட்டியது. பாட்டு இன்னும் கத்தியது. ஏசியை இரண்டாம் பாதியில் அணைத்ததைப் பற்றி எழுதவில்லை, அது எல்லாத் தியேட்டரிலும் வழக்கமாகிவிட்டது.

முதல் காட்சிக்குப் பரிகாரமாக இரண்டு இலவச டிக்கெட்டுக்கு வவுச்சர் தந்தீர்கள். திங்கள் முதல் வியாழன் வரை மட்டும், விடுமுறை நாளில் செல்லாது, புதுப்படத்தின் முதல் வாரத்தில் செல்லாது. அதைப் பயன்படுத்தி, மீதி இரண்டு டிக்கெட்டுக்குப் பணம் கட்டிப் போன காட்சிதான் நெற்றி இல்லாத காட்சி. கெட்டதற்கு ஈடாகக் கெட்டதையே கொடுக்கும் துணிச்சல் உங்களுக்குத்தான் வரும்.

மன்னிக்கவும், கோபத்தில் எழுதிவிட்டேன். விஷயத்துக்கு வருகிறேன்.

கஸ்டமர் கேரில் ஆதாரம் கேட்டார்கள். "ஸ்கிரீனை வீடியோ எடுத்து அனுப்புங்க சார், செக் பண்றோம்." திரையரங்கில் ஓடும் படத்தை அனுமதியின்றிப் பதிவு செய்வது 2023-இல் திருத்தப்பட்ட ஒளிப்பதிவுச் சட்டப்படி குற்றம். குறைந்தது மூன்று மாதச் சிறை, மூன்று லட்சம் ரூபாய் அபராதம். படம் தொடங்குமுன் இந்த எச்சரிக்கையை நீங்களே திரையில் போடுகிறீர்கள். பணத்தைத் திருப்பிக் கேட்கும் வாடிக்கையாளரை ஜெயிலுக்குப் போய் ஆதாரம் கொண்டுவரச் சொல்வதுதான் உங்கள் நடைமுறையா?

ஆதாரம் உங்களிடமே இருக்கிறது. எந்தக் கோப்பு எந்தத் திரையில் எத்தனை மணிக்கு ஓடியது என்பது படத்தை ஓட்டும் சர்வரின் பதிவில் இருக்கும். பிளேலிஸ்டில் எந்த க்யூ இருந்தது, எது இல்லை என்பதும் தெரியும். இரண்டு காட்சிகளின் தேதியும் நேரமும் இணைத்துள்ள டிக்கெட் நகல்களில் உள்ளன. அந்தப் பதிவுகளையும் பிளேலிஸ்டையும் அழிக்காமல் வைத்திருக்கும்படி இதன் மூலம் கோருகிறேன். பிறகு 'ஓவர்ரைட் ஆகிவிட்டது' என்றால் அதை நான் வேறு இடத்தில் சொல்ல வேண்டிவரும்.

அடையாள அட்டையும் டிக்கெட் பிரின்ட் அவுட்டும் எடுத்துக்கொண்டு நேரில் வாருங்கள், மேலாளர் ரீஃபண்ட் போட்டுத் தருவார் என்று கஸ்டமர் கேரில் சொன்னார்கள். வந்தேன். மேலாளர் விடுப்பில். அவருக்குப் பதிலாக நின்றவர் யார் என்று நினைக்கிறீர்கள்? அதே 'நீங்க என்ன ஆபரேட்டரா' ஆள். பார்த்ததும் அடையாளம் கண்டுகொண்டு சிரித்தார். 'ஜிஎஸ்டி கட்டியாச்சு சார், இனிமே ரிட்டர்ன் வராது' என்றார். அந்தச் சிரிப்புக்கும் பார்க்கிங்கில் 60 ரூபாய் கட்டினேன்.

அவருக்கு இல்லாவிட்டாலும் உங்கள் கணக்குப் பிரிவுக்குத் தெரிந்திருக்கும்: கொடுத்த சேவை குறையுள்ளது என்றால் ரசீதுத் தொகையைக் குறைத்துக் கிரெடிட் நோட் போடலாம் என்று ஜிஎஸ்டி சட்டத்தின் 34-ஆம் பிரிவே சொல்கிறது. 'டிக்கெட் பணம் திருப்பித் தரப்படாது' என்று அச்சடித்துவிட்டால் வேலை முடிந்தது என்றும் நினைக்க வேண்டாம். குறையுள்ள சேவைக்கான பணத்தைத் திருப்பித் தர மறுப்பது, ரசீதில் கெடு இல்லாதபோது 30 நாளுக்குள் தராமல் இருப்பது, இரண்டும் நியாயமற்ற வணிக நடைமுறை. நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் 2019, பிரிவு 2(47)-இன் எட்டாவது உட்பிரிவைப் பாருங்கள்.

கேட்பது இவ்வளவுதான். முதல் காட்சிக்கு டிக்கெட் ஒன்று ரூ. 190.78 வீதம் நான்கு, அதோடு டிக்கெட்டுக்கு 30 ரூபாயும் அதன் மேல் 18% ஜிஎஸ்டி 5.40-ம் சேர்ந்த இணையக் கட்டணம், ஆக ரூ. 904.72. இரண்டாவது காட்சிக்குப் பணம் கட்டிய இரண்டு டிக்கெட், அதே கணக்கில் ரூ. 452.36. மொத்தம் ரூ. 1,357.08. இணையக் கட்டணம் மட்டும் திரும்பாது என்ற பேச்சை ஏற்க மாட்டேன், படம் பார்க்கத்தான் அதைக் கட்டினேன், ஆப்பை ரசிக்க அல்ல. பார்க்கிங் இரண்டு காட்சிக்கும் தலா 120, நேரில் அலைந்ததற்கு 60, ஆக ரூ. 300. பாப்கார்ன் காசைக் கேட்கவில்லை, அது ஒன்றுதான் சரியாக இருந்தது.

மன உளைச்சலுக்கு ரூ. 50,000. இது அதிகம் என்று உங்களுக்குத் தோன்றலாம். ஒரு படத்தை முதல் தடவையாகப் பார்ப்பது ஒரே ஒரு தடவைதான் நடக்கும். எங்கள் வீட்டுக்கு இரண்டு படங்களை ஒரேயடியாக இல்லாமல் செய்துவிட்டீர்கள். இதற்கு ஐம்பதாயிரமே குறைவு. இன்னொரு வவுச்சர் அனுப்பினால் அதே உறையில் திரும்பி வரும்.

பணம் கட்டிய யுபிஐ கணக்குக்கே வர வேண்டும். உங்கள் ஆப்பின் வாலட்டில் போடுவதை ரீஃபண்டாக எடுத்துக்கொள்ள மாட்டேன். அந்த டியூட்டி மேலாளரிடமிருந்து எழுத்தில் வருத்தம் வேண்டும். முக்கியமாக, திரை 4-இல் நடு சேனலையும் லென்ஸ் அமைப்புகளையும் பழுது பார்த்து, திரை நடுவில் அளந்த வெளிச்சம் எத்தனை ஃபுட்-லாம்பர்ட் என்று எனக்கு எழுத வேண்டும்.

இந்தக் கடிதம் கிடைத்து 15 நாளுக்குள் பதில் வந்தால் நன்றியோடு முடித்துக்கொள்வேன், சண்டை பிடிப்பது என் நோக்கமல்ல. வராவிட்டால் முதலில் 1915 தேசிய நுகர்வோர் உதவி எண்ணில் பதிவு. பிறகு நுகர்வோர் வழக்குகளைப் பதியும் இ-ஜாக்ரிதி இணையதளத்தில், நான் குடியிருக்கும் மாவட்டத்தின் நுகர்வோர் ஆணையத்தில் வழக்கு. 5 லட்சம் ரூபாய் வரையான வழக்குக்குக் கட்டணம் கிடையாது, வக்கீலும் கட்டாயமில்லை. தியேட்டர் நடத்த உங்களுக்குச் சி படிவ உரிமம் கொடுத்த அதிகாரிக்கும் ஒரு நகல் போகும்.

விளம்பரம் போட்டு நேரத்தை வீணடித்ததாக 2025 பிப்ரவரியில் பெங்களூரு நுகர்வோர் ஆணையம் ஒரு மல்டிபிளெக்ஸுக்கு எதிராகத் தீர்ப்புச் சொன்னது, அதற்குக் கர்நாடக உயர் நீதிமன்றம் அடுத்த மாதமே தடை போட்டது, இரண்டும் எனக்குத் தெரியும். உங்கள் வக்கீல் அதைக் காட்டி ஆறுதல் சொன்னால் நம்பாதீர்கள். அங்கே சண்டை படத்துக்கு முன்னால் ஓடியதைப் பற்றியது. இங்கே படமே துணியில் ஓடியது.

இணைப்பு: டிக்கெட் நகல்கள், இணையக் கட்டண ரசீதுகள், பார்க்கிங் சீட்டுகள், 'உங்கள் புகார் தீர்க்கப்பட்டது' என்று வந்த குறுஞ்செய்திகளின் பிரதி.

இப்படிக்கு,
திரை 4, ஜே வரிசை வாடிக்கையாளர்
(பெயர், முகவரி, கையொப்பம் அசல் கடிதத்தில்)