நடுங்கினால் நிறுத்திவிடுவதா?

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

மனநோய்க்கு ஹாலோபெரிடால் மாத்திரை சாப்பிடும் மகனுக்குக் கை நடுங்குகிறது என்று கேட்ட தாய்க்குச் சென்ற ஞாயிறு கேள்வி-பதிலில், "மாத்திரையை நிறுத்தினால் சரியாகிவிடும்" என்று ஒரே வரியில் முடித்துவிட்டீர்கள். நடுக்கம் சரியாகும்தான். யாரும் பேசாமலே அவன் காதில் கேட்டு, மாத்திரையால் அடங்கியிருந்த குரல்கள் திரும்பி வந்தால் அதற்கு எந்த ஞாயிறு பதில் சொல்வீர்கள்?

தங்களுக்குத் தெரியாததல்ல. மூளையில் டோபமின் என்ற வேதிப்பொருள் வேலை செய்யும் ஏற்பிகளை இந்த மாத்திரை அடைப்பதால்தான் குரல்கள் அடங்குகின்றன. உடம்பு விறைப்பதும் நடையில் கைவீச்சு நின்றுபோவதும் அதனால்தான். மருத்துவர் முதலில் டோஸைக் குறைப்பார், அல்லது நடுக்கம் குறைவாகத் தரும் க்வெட்டியாபின் போன்ற வேறொரு மனநோய் மருந்துக்கு மாற்றுவார். அதற்கு வழியில்லாதபோதுதான் நடுக்கத்தை அடக்கத் துணை மாத்திரை.

நம் ஊரில் துணை மாத்திரை என்றாலே டி.எச்.பி. எனப்படும் டிரைஹெக்சிஃபெனிடைல்தான். நடுக்கம் இருக்கிறதோ இல்லையோ, ரிஸ்பெரிடோன் என்ற மனநோய் மருந்தோடு ஒரே மாத்திரையாகச் சேர்த்தே விற்கிறார்கள். இந்த வகைத் துணை மாத்திரையை முன்கூட்டியே எல்லோருக்கும் வழக்கமாகக் கொடுக்க வேண்டாம் என்று உலக சுகாதார நிறுவனம் 1990லேயே சொன்னது. டி.எச்.பி.யால் முதியவர்களுக்கு வாய் உலரும், மலம் கட்டும், சிறுநீர் அடைக்கும், மறதி கூடும். இதற்கெல்லாம் உங்கள் பக்கத்தில் என்றைக்காவது இடம் இருந்ததா? முடி கொட்டுவதற்கு மட்டும் அரைப் பக்கம்!

அமன்டடின் என்று இன்னொரு துணை மாத்திரை இருப்பதையாவது எழுதியிருக்கலாம். ஃப்ளூவுக்காக வந்த மருந்து. டோபமினைக் கூட்டி விறைப்பைத் தளர்த்தும், டி.எச்.பி. அளவுக்கு நினைவைக் குலைக்காது. காலையில் 100 மி.கி.; தேவைப்பட்டால் ஒரு வாரம் கழித்து மதியம் இன்னொரு 100. இரண்டாவதை இரவில் போட்டால் விடிய விடியத் தூக்கமிருக்காது. வீட்டார் நோய் முற்றிவிட்டதென்று பதறுவார்கள், ஹாலோபெரிடால் டோஸ் கூடும், நடுக்கமும் கூடும். கணுக்கால் வீங்கலாம், காலில் வலை போல ஊதா நிறம் படரலாம். சிறுநீரகம் வழியாகவே வெளியேறுவதால், சிறுநீரகத்தின் நிலையைக் காட்டும் கிரியாட்டினின் ரத்தப் பரிசோதனை பார்க்காமல் கொடுத்தால் உடம்பில் தேங்கிப் பிதற்றல் வரும். டோபமினைக் கூட்டும் மருந்தல்லவா, குரல்கள் மறுபடி தலைகாட்டுகின்றனவா என்றும் கவனிக்க வேண்டும். திடீரென நிறுத்தவும் கூடாது.

இதே மனநோய் மருந்துகளால் வரும் உட்கார முடியாத தவிப்பு வேறு. அதற்குப் பெரும்பாலும் ப்ரொப்ரனலால் மாத்திரை. ஹாலோபெரிடால் ஊசி போட்ட ஓரிரு நாளில் கழுத்து திருகிக் கண் மேலே செருகுவது இன்னொன்று. ப்ரோமெத்தசின் ஊசி ஒன்று போட்டால் பெரும்பாலும் அரை மணியில் கழுத்து நேராகும். அதையும் வலிப்பு என்றே செய்தி போடுவீர்கள்.

வரும் ஞாயிறு அதே பக்கத்தில், அதே எழுத்தளவில் நான்கு வரி போதும்: மாத்திரையைத் தாமாக நிறுத்த வேண்டாம், நிறுத்தியிருந்தால் உடனே மருத்துவரிடம் சொல்லவும், சாப்பிடும் எல்லா மாத்திரை அட்டைகளையும் கையோடு கொண்டுபோகவும்.

இப்படிக்கு,
மனநலப் பிரிவு மருந்தாளுநர் (ஓய்வு),
மதுரை