பரு மாத்திரையும் கல்யாணத் தேதியும்

ஆசிரியருக்கு,

வணக்கம். நிச்சயதார்த்தம் முடிந்த கையோடு முகப்பருவுக்கு மருந்து தேடும் பெண்களில் சிலர், அக்காவுக்கு எழுதிக் கொடுத்த பழைய சீட்டைக் காட்டியோ, சீட்டே இல்லாமலோ ஐசோட்ரெட்டினோயின் கேப்சூலை மெடிக்கல் கடையில் வாங்கிவிடுகிறார்கள். நல்ல மருந்துதான். ஆனால் கல்யாணத் தேதியைக் கணக்கில் வைக்காமல் விழுங்கக்கூடிய மருந்தல்ல.

இது வைட்டமின் ஏ-வின் வழிவந்தது. நம் உடல் வைட்டமின் ஏ-வின் ஒரு பகுதியை ரெட்டினாலாக மாற்றிக் கண்ணுக்குக் கொடுக்கிறது. மங்கிய வெளிச்சத்தில் பார்க்க முடிவது அதனால்தான். இன்னொரு பகுதி ரெட்டினோயிக் அமிலமாகி, செல்லின் உட்கருவுக்குள் போய் மரபணுக்களை முடுக்கவும் அடக்கவும் செய்கிறது. ஐசோட்ரெட்டினோயின் இந்த அமிலத்தின் மாற்று வடிவம். தோலின் எண்ணெய்ச் சுரப்பிகளை அப்படியே சுருக்கிவிடும். 1982-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்ற மருந்து இது. கட்டி கட்டியாக வந்து தழும்பு விட்டுப் போகும் பருவுக்கு இன்றுவரை இதற்கு நிகராக வேறொன்று இல்லை.

ஆபத்தும் அதே அமிலத்தில்தான் இருக்கிறது. வயிற்றில் கரு வளரும்போது முகம், காது, இதயம், மூளை எல்லாம் அந்தந்த இடத்தில் உருவாக ரெட்டினோயிக் அமிலம் வேண்டும். கருவின் திசுக்கள் அதை ஓரிடத்தில் தயாரித்து, பக்கத்திலேயே சிதைத்து, அளவை நூல் பிடித்ததுபோல் வைத்திருக்கின்றன. வெளியிலிருந்து மருந்து வந்து எல்லா இடத்தையும் நிரப்பினால் அந்தக் கணக்கு குலைந்துவிடும். கருச்சிதைவு ஆகலாம். தங்கும் கருக்களில் ஏறக்குறைய ஐந்தில் ஒன்று முதல் மூன்றில் ஒன்று வரை பிறவிக் குறைபாட்டுடன் பிறக்கின்றன. ஸ்கேனில் உறுப்புகள் சரியாகத் தெரிந்த குழந்தைக்கும் பிறகு அறிவு வளர்ச்சி பின்தங்கலாம். பாதிப்பு நேர்வது முதல் சில வாரங்களில். நாள் தள்ளிப்போனதைப் பலர் கவனிக்கும் முன்பே அது நடந்து முடிந்துவிடும். 10 மி.கி. தானே, பத்து நாள் தானே என்ற சமாதானமும் செல்லாது. ‘இதற்குக் கீழே பயமில்லை’ என்று சொல்லும் அளவு எதுவும் இந்த மருந்துக்குக் கிடையாது.

கருத்தரிக்கும் முன், கடைசி கேப்சூலுக்குப் பிறகு ஒரு மாதம் முழுதாகக் கழிய வேண்டும். சிகிச்சையோ பெரும்பாலும் ஐந்தாறு மாதம் ஓடும். வழக்கமான மொத்த அளவு, உடல் எடையின் ஒவ்வொரு கிலோவுக்கும் 120 முதல் 150 மி.கி. 50 கிலோ எடையுள்ள பெண்ணுக்கு 6,000 மி.கி. என்று வைத்தால், தினம் 40 மி.கி. எடுக்கும்போது 150 நாள் ஆகும், 20 மி.கி. என்றால் 300 நாள். கல்யாணத்துக்கு இரண்டு மூன்று மாதம்தான் இருக்கிறது என்றால் இதைத் தொடங்காமல் இருப்பதே நல்லது. அசெலாயிக் அமில க்ரீம் போன்ற வேறு வழிகள் இருக்கின்றன. அது கர்ப்ப காலத்திலும் பூசக்கூடியது. திருமணமாகாதவர்தானே என்று கர்ப்பப் பரிசோதனையை விட்டுவிடும் பழக்கத்தை மருத்துவர்களும் கைவிட வேண்டும். தொடங்கும் முன்பும் மாதந்தோறும் பரிசோதனை தேவை. மணமான பெண் என்றால் தொடங்குவதற்கு ஒரு மாதம் முன்பிருந்தே இரண்டு கருத்தடை முறைகளைச் சேர்த்துக் கையாள வேண்டும்.

பெயர்க் குழப்பம் ஒன்றும் உண்டு. சொரியாசிஸ் என்ற தோல் நோய்க்குத் தரும் அசிட்ரெட்டினும் இதே குடும்பம்தான். அதற்குக் காத்திருப்பு ஒரு மாதம் அல்ல, மூன்று ஆண்டுகள். மதுவோடு சேர்ந்தால் அது எட்ரெட்டினேட் என்ற வேறு வேதிப்பொருளாக மாறி உடல் கொழுப்பில் நெடுங்காலம் தங்கிவிடும். குழந்தை பெறும் வயதுப் பெண்களுக்கு அதைத் தவிர்ப்பது இதனால்தான்.

சாப்பிடும் முறையிலும் தவறு நடக்கிறது. காலையில் வெறும் வயிற்றில் காபியோடு விழுங்கினால் மருந்தில் பெரும்பகுதி உடலில் சேராது. எண்ணெயோ நெய்யோ உள்ள முழுச் சாப்பாட்டோடு எடுக்க வேண்டும். முதல் மாதம் பரு கூடுவது போலத் தெரியலாம், உதடு வெடிக்கும், இரண்டுமே எதிர்பார்த்தவைதான். முகம் தெளிந்ததும் பாதியில் நிறுத்தினால் பரு திரும்பி வரும் வாய்ப்பு அதிகம். பழைய சீட்டில் டாக்சிசைக்ளின் என்ற ஆன்டிபயாடிக் இருந்தால் இரண்டையும் சேர்த்து எடுக்கவே கூடாது. மண்டைக்குள் அழுத்தம் ஏறலாம். கடும் தலைவலி, வாந்தி, பார்வை மங்கல் வந்தால் உடனே நிறுத்திவிட்டு மருத்துவமனைக்குப் போக வேண்டும். ரத்தத்தில் கொழுப்பையும் கல்லீரலையும் பார்க்காமல் மாதக்கணக்கில் தொடரக் கூடாது.

மணப்பெண்கள் கவனிக்க: மருந்து எடுக்கும்போதும், நிறுத்திய ஆறு மாதத்துக்கும் மேலுதட்டிலோ முகத்திலோ வேக்ஸிங் செய்தால் முடியோடு தோலும் உரிந்து வந்து தழும்பாகலாம். பார்லரில் இதை முன்கூட்டியே சொல்லிவிடுங்கள்.

ஆண்களுக்கும் ஒரு கட்டுப்பாடு உண்டு. மருந்து எடுக்கும்போதும் முடித்து ஒரு மாதம் வரையும் ரத்த தானம் கூடாது; அந்த ரத்தம் ஒரு கர்ப்பிணிக்கு ஏற்றப்படலாம். இந்த மருந்தை எடுக்கும் யாருக்கும் வைட்டமின் ஏ மாத்திரை, மீன் ஈரல் எண்ணெய் கேப்சூல் இவையும் வேண்டாம். முருங்கைக்கீரைக்கும் கேரட்டுக்கும் பயப்பட வேண்டியதில்லை. அவற்றிலுள்ள கரோட்டினை உடல் தனக்கு வேண்டிய அளவுக்கே வைட்டமின் ஏ ஆக்கிக்கொள்கிறது.

மருந்துக் கடைக்காரர்களுக்கு என் வேண்டுகோள்: நடப்புச் சீட்டு இல்லாமல் இதை விற்காதீர்கள். விற்கும்போது ‘கர்ப்பம் கூடாது, முடித்த பின்னும் ஒரு மாதம்’ என்று அட்டையின் மேல் தமிழில் ஒரு சீட்டு ஒட்டிக் கொடுங்கள். பின்பக்கத்தில் பொடி எழுத்தில் இருக்கும் ஆங்கில எச்சரிக்கையை யாரும் படிப்பதில்லை.

மருந்து எடுக்கும்போதே கர்ப்பம் என்று தெரிந்தால் அன்றே நிறுத்திவிட்டு, கடைசியாக எடுத்த தேதியையும் அளவையும் எழுதிக்கொண்டு மகப்பேறு மருத்துவரைப் பாருங்கள். மாத்திரை அட்டையையும் கையோடு கொண்டு போங்கள்.

இப்படிக்கு,
தோல் மருத்துவர், மதுரை