வால்வு அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே ஆஞ்சியோ எடுங்கள்: ஒரு திறந்த மடல்

மதுரையில் இருதய அறுவை சிகிச்சை செய்யும் மருத்துவமனைகளின் நிர்வாகத்தினருக்கும் மருத்துவர்களுக்கும் வணக்கம்.

வால்வு மாற்றப்படவிருக்கும் நோயாளியின் இருதய ரத்தக் குழாய்களில் அடைப்பு உள்ளதா என்று முன்னதாகப் பார்க்க வேண்டும் என்பதைத் தாங்கள் அறிவீர்கள். 40 வயதைக் கடந்த ஆண்கள், மாதவிடாய் நின்ற பெண்கள், சர்க்கரை, ரத்த அழுத்தம் போன்றவை உள்ளவர்கள் ஆகியோருக்கு, இருதய ரத்தக் குழாய்களில் சாய மருந்து செலுத்திப் படமெடுக்கும் ஆஞ்சியோகிராம் (ஆஞ்சியோ) தேவை என்று மருத்துவ வழிகாட்டு நெறிகளே கூறுகின்றன. அதை எப்போது செய்கிறீர்கள் என்பதே என் கேள்வி.

உசிலம்பட்டிப் பக்கத்துக் கிராமத்தில் வசிக்கும் என் தாயாருக்கு வயது 62. நெடுங்காலமாகச் சர்க்கரை நோய் உண்டு. இருதயத்திலிருந்து உடலுக்கு ரத்தம் வெளியேறும் வாயிலான அயோர்டிக் வால்வு கடுமையாகச் சுருங்கியிருப்பது எக்கோ எனும் இருதய ஸ்கேனில் தெரிந்தவுடன் அறுவைக்கு நாள் குறித்தார்கள். ஆஞ்சியோ பற்றி எவரும் பேசவில்லை. படியேறினால் நெஞ்சு வலிக்கிறது என்று அம்மா சொன்னதற்கு, வால்வு சரியானால் அதுவும் சரியாகிவிடும் என்றார்கள். வால்வுச் சுருக்கம் மட்டும் இருந்தாலும் அந்த வலி வரும் என்பது உண்மைதான். ஆனால் அடைப்பினாலும் அதே வலி வருமே. படம் எடுக்காமல் இரண்டையும் எப்படிப் பிரித்தறிவது?

அறுவைக்கு முதல் நாள் மாலை ஆஞ்சியோவுக்குக் கையெழுத்து கேட்டார்கள். இரண்டு குழாய்களில் 70 சதவீதத்துக்கு மேல் அடைப்பு இருந்ததால், வால்வோடு, அடைப்பைத் தாண்டி ரத்தம் செல்ல மாற்று வழி அமைக்கும் பைபாஸும் செய்ய வேண்டும் என்று வராந்தாவில் நின்றபடியே சொல்லிவிட்டுப் போனார்கள். ஆஞ்சியோவுக்குச் செலுத்திய சாய மருந்தால், சிறுநீரகப் பாதிப்பைக் காட்டும் கிரியாட்டினின் அளவு ரத்தத்தில் ஏறியதும் அறுவையே தள்ளிப்போனது. அதற்குள், ஒரு நாள் கூலியை விட்டுவிட்டு ஆரப்பாளையம் பேருந்து நிலையத்தில் வந்து இறங்கிய எங்கள் ஊர்ப் பிள்ளைகள் அறுவைக்காக ரத்தம் கொடுத்து முடித்திருந்தார்கள். ஒருமுறை கொடுத்தவர் மறுபடி கொடுக்கக் குறைந்தது 3 மாதம் ஆக வேண்டும். பைபாஸும் சேர்ந்ததால் கூடுதல் ரத்தம் கேட்கிறார்கள். சின்னஞ்சிறு ஊரில் இனி யார் வீட்டுக் கதவைத் தட்டுவேன்?

எல்லாருக்கும் கண்ணை மூடிக்கொண்டு ஆஞ்சியோ எடுக்கச் சொல்லவில்லை. ருமாட்டிக் காய்ச்சலால் இளவயதிலேயே வால்வு கெட்டு, வேறு நோய் ஏதும் இல்லாத பெண்ணுக்கு அது தேவைப்படாமலே போகலாம். அடைப்புக்கு வாய்ப்பு குறைவானவர்களுக்கு சிடி ஸ்கேனில் எடுக்கும் சிடி ஆஞ்சியோ போதும். குழாய்களில் சுண்ணாம்பு படிந்த முதியவர்களுக்கும் நாடித்துடிப்பு சீராக இல்லாதவர்களுக்கும்தான் அந்தப் படம் தெளிவாகக் கிடைப்பதில்லை. எந்த நோயாளிக்கு எது வேண்டும் என்பதைத் தாங்களே முடிவு செய்யுங்கள்; அந்த முடிவை, வால்வு மாற்ற வேண்டும் என்று சொல்லும் அன்றே எடுங்கள்.

தாயின் நெஞ்சைத் திறக்க ஒப்புதல் தருபவனுக்கு ஒரு நாற்காலியும் பத்து நிமிடமும் தர இயலாத அளவுக்கா இந்த ஊரில் மருத்துவம் நெருக்கடியில் இருக்கிறது? ஒப்புதல் படிவம் முழுவதும் ஆங்கிலத்தில். கையெழுத்து மட்டும் எங்களுடையது. கோபம் மேலிட்டிருந்தால் பொறுத்தருள்க.

ஆஞ்சியோ தேவையா என்பதை அறுவைக்கு நாள் குறிக்கும் முன்பே முடிவு செய்து, தேவையெனில் எடுத்து, சிறுநீரகம் தேறும் அளவுக்கு இடைவெளி விட்டு, பைபாஸும் சேருமா, எவ்வளவு ரத்தம் வேண்டும் என்பதைக் குடும்பத்தாருக்குத் தமிழில் உட்கார வைத்து விளக்கிய பின்னரே நாள் குறிக்குமாறு மிகவும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன்.

இப்படிக்கு,
அறுவைக்குக் காத்திருக்கும் ஒரு தாயின் மகன்,
உசிலம்பட்டி வட்டம், மதுரை மாவட்டம்.